கரை தாண்டிய வால் பாட்டு

இந்தக் கதையைச் சொன்னது ஒரு மைனா. மைனா சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். எந்தப் பாதி என்பது மைனாவுக்கே தெரியாது. அதனால் இதைத் திருப்பிச் சொல்கிறவனுக்குப் பல வருடங்களாக இந்தக் கதையின்மேல் சந்தேகம். பாடத் தெரிந்த ஒரு பறவை இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் செய்யுமா? செய்யாது என்று ஒரு நாள் தோன்றும். அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று மறுநாள் தோன்றும். எதற்கும் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஒரு காட்டின் நடுவில் பெரிய கண்மாய் இருந்தது. அதன் கிழக்குக் கரையில் ஓங்கி வளர்ந்த இலுப்பை மரம். மரத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்து. அதற்குள் சாரல் அடிக்காது. வெயில் இறங்காது. பாம்பும் ஏறாது. ஏனென்றால் மரத்தடியில் ஒரு கிழட்டு உடும்பு குடியிருந்தது. உடும்பு பாம்பைத் தின்னும். முட்டையையும் தின்னும். ஆனால் அந்தப் பொந்தில் இருப்பவரின் முட்டையை மட்டும் தொடுவதில்லை என்று அது சத்தியம் செய்திருந்தது. மற்றவர்களின் முட்டைகளைப் பற்றி அது எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

அந்தப் பொந்து சும்மா கிடைக்காது. அதில் குடியிருப்பவர்தான் கண்மாய்க்குக் காவல். காட்டுத்தீ வந்தாலும், கண்ணி வைக்கிறவர்கள் வந்தாலும், உயரத்தில் இருந்து அவர்தான் குரல் கொடுக்க வேண்டும். அது இரண்டு கரைக்கும் பழகிய குரலாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அங்கே ஒரு வழக்கம். பொந்து காலியானால், இலுப்பைப் பூ உதிர்ந்து முடிந்த மறுநாள் காலையில் உடும்பு மேற்குக் கரைக்கு நடந்து போகும். மேற்குக் கரையில் இருப்பவை கிழக்கே வருவதே இல்லை. அவை வேலை செய்துகொண்டே யாருடைய பாட்டை முணுமுணுக்கின்றனவோ, அவருக்குப் பொந்து. மேடை கிடையாது. பெயர் கொடுக்க வேண்டியதும் கிடையாது. உடும்பு காதைத் தீட்டிக்கொண்டு கரையோரமாக நடக்கும். அவ்வளவுதான்.

அந்த வருடம் பொந்தில் இருந்த கிளி, ஆற்றோரத் தோப்பில் கொய்யா பழுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டது.

அந்தப் பொந்தின்மேல் ஏகாம்பரம் கண் வைத்தது. ஏகாம்பரம் ஒரு குண்டுக்கரிச்சான். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, எப்போதும் தூக்கியே இருக்கும் வால். பாட்டில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. அதன் மனைவி செங்கமலத்துக்கு முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. போன வருடம் அவை வேப்பமரத்துக் கிளையிடுக்கில் கூடு கட்டியிருந்தன. முட்டைகளை எல்லாம் உடும்பு தின்றுவிட்டது. தின்றதோடு விடாமல் மறுநாள் வந்து, "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டும் போனது.

"இந்த வருஷம் பொந்து நமக்குக் கிடைச்சுடுமாங்க?" என்று செங்கமலம் கேட்டது.

"என்ன கேள்வி இது? இந்தக் கண்மாயில் பாடுறதுக்கு வேற யார் இருக்கா?"

"தவளை இருக்கு."

"தவளை பாடுதுன்னு யார் சொன்னது?"

"தவளைதான்."

ஏகாம்பரம் சிரித்தது. செங்கமலம் சிரிக்கவில்லை. அதற்கு வயிறு கனத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஏகாம்பரம் இலுப்பையின் உச்சியில் உட்கார்ந்து பாடியது. மெல்ல ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, மேலேயே கொஞ்ச நேரம் நின்று, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் திரும்பி இறங்குகிற பாட்டு அது. தண்ணீரில் படுத்திருந்த எருமை அசைபோடுவதை நிறுத்தியது. குடிக்க வந்த முயல் குடிக்க மறந்தது. மீனைக் குத்தப் போன கொக்கு கழுத்தை நீட்டியபடியே நின்றது. மீன் இதுதான் சமயம் என்று நழுவியது.

பாட்டு முடிந்தது. எல்லாம் ஒரு பெருமூச்சு விட்டன. பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கலைந்து போயின.

ஏகாம்பரம் பெருமையோடு கீழே இறங்கி வந்தது. "பார்த்தியா?"

"பார்த்தேன். யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எப்படிச் சொல்லுவாங்க? பேச்சே வரலை."

"பேச்சே வரலைன்னா பாட்டு எப்படிங்க மேற்குக் கரைக்குப் போய்ச் சேரும்?"

"நல்லது தானாகப் போய்ச் சேரும்" என்றது ஏகாம்பரம். சொன்ன பிறகு, அப்படி எதுவும் தானாகப் போய்ச் சேர்ந்து பார்த்திருக்கிறோமா என்று யோசித்தது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு அந்த யோசனையை விட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் வேலாண்டி என்ற மரநாய் பனைமரத்தில் இருந்து இறங்கி வந்தது. மேலே கள்ளுக்குக் கட்டியிருந்த கலயத்தில் அது நன்றாக வாய் வைத்திருந்தது. இறங்கும்போது தன் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்பதில் அதற்குக் கொஞ்சம் குழப்பம். தரைக்கு வந்ததும் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு பாடியது:

"எங்கே போச்சு என் வாலு?
பின்னால இருக்கு என் வாலு!
எங்கே போச்சு..."

இந்த இடத்தில் அதற்கு ஒரு ஏப்பம் வந்தது. ஏப்பத்தை முழுதாக விட்டு முடித்து,

"பின்னால இருக்கு என் வாலு!"

என்று பாட்டையும் முடித்தது. உடனே மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது. நாலைந்து தடவை பாடிவிட்டு, பக்கத்தில் இருந்த நொச்சிப் புதருக்குள் சரிந்து விழுந்து தூங்கிப்போனது. பொந்து பற்றிய எண்ணமே அதற்கு இல்லை. அதற்கு நொச்சிப் புதர் போதும்.

மேலே கிளையில் இருந்த ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. 'இதெல்லாம் ஒரு பாட்டா?'

அப்போது மைனா பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இந்தக் கதையைச் சொன்ன அதே மைனாதான்.

"அண்ணே, கேட்டீங்களா அந்தக் கொடுமையை?"

"கேட்டேன்."

"ஈயத்தைக் காய்ச்சிக் காதுல ஊத்தின மாதிரி இருக்கு."

"சும்மா கொடுமைன்னு பொதுவாகச் சொன்னால் ஆச்சா? எந்த இடத்தில் கொடுமைன்னு தெரியணும். முதல் அடியும் மூணாவது அடியும் ஒண்ணு. ரெண்டாவதும் நாலாவதும் ஒண்ணு. கேட்ட கேள்விக்கு அடுத்த அடியிலேயே பதில் வந்துடுது. வாலைத் தேடுறவன் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டால் அதில் என்ன ஏக்கம் இருக்கு, என்ன தவிப்பு இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"மெட்டைக் கவனிச்சியா? கவனிச்சிருக்க மாட்டே. இரு. இப்படிப் போகுது."

ஏகாம்பரம் பாடிக் காட்டியது. கரிச்சான் யார் குரலையும் அப்படியே எடுக்கும். வேலாண்டியின் கரகரப்பும் இழுப்பும் அச்சு அசலாக வந்தன. ஏப்பம் மட்டும் வரவில்லை. கரிச்சானுக்கு ஏப்பம் விடத் தெரியாது. ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட அதற்கு மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் அது பாடகன். ஒரு சின்னச் சீழ்க்கையைப் போட்டு அந்த இடத்தை நிரப்பியது.

மைனா இறக்கையைத் தட்டிக்கொண்டு சிரித்தது. "அண்ணே, இன்னொரு தடவை."

"எதுக்கு?"

"எவ்வளவு மோசம்னு எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடலை."

ஏகாம்பரம் இன்னொரு தடவை பாடியது. இந்த முறை சீழ்க்கையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டது.

மறுநாள் காலையில் இருந்து மைனா ஒவ்வொரு மரமாகப் போனது. "நேத்து வேலாண்டி ஒரு பாட்டுப் பாடிச்சு பாருங்க, அதைவிட மட்டமான பாட்டை நான் கேட்டதே இல்லை. நீங்க கேட்கலையா? இருங்க, சொல்றேன்." அணில் கேட்டது. தலையில் அடித்துக்கொண்டது. தன் மச்சானிடம் போய், "இந்தக் கண்றாவியைக் கேளு" என்று பாடிக் காட்டியது. மச்சான் முயலிடம் போனது. முயல் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முழுவதையும் கேட்டது.

பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை பாட வேண்டியிருந்தது. சொன்ன பிறகு, சரியாகத்தான் சொன்னோமா என்று பார்க்க இன்னொரு தடவை பாட வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் கிழக்குக் கரை முழுவதும் அந்தப் பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. அதாவது, பாடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் கொதித்துப்போய் எருமையிடம் வந்தது. எருமை கழுத்துவரை தண்ணீரில் கிடந்தது.

"அக்கா, உங்களுக்கு நல்லது கெட்டது தெரியும். நேத்துக் காலையில் என் பாட்டைக் கேட்டு அசைபோடுறதையே நிறுத்தினீங்க. நீங்களாவது அந்த வால் பாட்டைப் பாடாதீங்க."

"எந்த வால் பாட்டு தம்பி?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"காதுக்குள்ள தண்ணி. ஒண்ணும் கேட்கலை. எப்படி இருக்கும்?"

ஏகாம்பரத்துக்கு ஒரு நொடி தயக்கம் வந்தது. ஆனால் தெரியாத ஒன்றைப் பாடாதே என்று எப்படிச் சொல்வது? முறையாக விளக்க வேண்டும் அல்லவா? பாடிக் காட்டியது. சீழ்க்கையையும் விடவில்லை.

எருமை கண்ணை மூடித் திறந்தது. "ரொம்ப மட்டம்தான்" என்றது. பிறகு மெதுவாக, "எங்கே போச்சு என் வாலு?" என்று முனகிப் பார்த்தது. தண்ணீருக்குள் திரும்பிப் பார்த்தது. "பின்னால இருக்கு என் வாலு." அதன் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. "தம்பி, நான் பிறந்ததில் இருந்து ஒரு பாட்டும் பாடினதில்லை. எனக்கு வராதுன்னு இருந்துட்டேன். இது வருது பார்."

அதைக் கேட்டுக் கரையில் இருந்தவை எல்லாம் கூடிவிட்டன. ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்தது. தன் சொந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு கூட்டம் கூடி அது பார்த்ததில்லை. ஒரு மேட்டில் ஏறி நின்று அடி அடியாகப் பிரித்து விளக்க ஆரம்பித்தது. முதல் அடி ஏன் அசட்டுத்தனம், இரண்டாவது அடி ஏன் அதைவிட அசட்டுத்தனம் என்று பாடிப் பாடிக் காட்டியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னும் திட்டுங்க அண்ணே" என்று முயல் கத்தியது. ஏகாம்பரத்துக்கு இன்னும் திட்ட வேண்டும் போல் இருந்தது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று இனிக்கவும் செய்தது. அது என்ன என்று அது ஆராயவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு செங்கமலம் கேட்டது: "இன்னைக்கு உங்க பாட்டை ஒரு தடவையாவது பாடினீங்களா?"

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தது. "நேரம் இல்லை."

"வேலாண்டி பாடுச்சா?"

"அது எங்கே பாடுச்சு? இன்னும் புதரில்தான் கிடக்கு. தலைவலியாம்."

"அப்போ நாள் முழுக்க அதோட பாட்டைப் பாடினது யாருங்க?"

"நான் பாடலை. கண்டிச்சேன்" என்றது ஏகாம்பரம்.

செங்கமலம் மரத்தடியைக் குனிந்து பார்த்தது. உடும்பு வெயில் தணிந்த மண்ணில் படுத்துக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது. இலுப்பைப் பூ ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம்.

ஏகாம்பரமும் அதைப் பார்த்தது. அதற்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது. கிழக்குக் கரைதான் கெட்டுப்போய்விட்டது. இந்தப் பாட்டு மேற்குக் கரைக்கும் போய்விட்டால்?

உண்மையில் அது போயிருக்காது. கண்மாய் அவ்வளவு அகலம். வேலாண்டிக்கு நீந்தப் பிடிக்காது. மைனாவுக்கு மேற்குக் கரை மைனாக்களோடு பேச்சுவார்த்தை இல்லை. எருமைக்கு எழுந்திருக்கவே சோம்பல். பாட்டு இந்தக் கரையிலேயே சுற்றிச் சுற்றிக் களைத்துச் செத்திருக்கும். ஏகாம்பரம் சும்மா கிளையில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஆனால் அக்கறை உள்ளவர்களுக்கு அப்படிச் சும்மா உட்காரத் தெரியாது.

"நான் மேற்குக் கரைக்குப் போய் அவங்களை எச்சரிச்சுட்டு வந்துடுறேன்" என்றது.

"வேணாங்க" என்றது செங்கமலம். "போறதுன்னா உங்க பாட்டைப் பாடிட்டு வாங்க. வேற எதையும் பேசாதீங்க."

"பாடத்தான் போறேன். அதுக்கு முன்னால தரையைச் சுத்தம் பண்ண வேண்டாமா?"

விடிந்ததும் ஏகாம்பரம் தண்ணீருக்கு மேலே பறந்து மேற்குக் கரையில் போய் இறங்கியது. அங்கே நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தன. ஒரு முள்ளம்பன்றி கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. நாரைகளும் நண்டுகளும் அவரவர் வேலையில் இருந்தன. யார் வாயிலும் எந்தப் பாட்டும் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் இங்கே கவனிங்க" என்று ஏகாம்பரம் கூப்பிட்டது. "கிழக்குக் கரையில் ஒரு பாட்டு கிளம்பியிருக்கு. காதுக்குக் கேடு. அது இங்கே வந்தால் யாரும் பாடாதீங்க."

நீர்க்காகங்கள் இறக்கையை மடக்காமலே திரும்பிப் பார்த்தன. முள்ளம்பன்றி தோண்டுவதை நிறுத்தியது.

"அது வந்தால் அதுதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

நியாயமான கேள்வி. அடையாளம் தெரியாமல் எப்படித் தவிர்க்க முடியும்?

"ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுறேன். கேட்டுட்டு உடனே மறந்துடணும்" என்றது ஏகாம்பரம்.

பாடியது. நன்றாக அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தெளிவாகவே பாடியது.

"கடைசிக்கு முந்தின இடத்தில் ஒரு சீழ்க்கை வந்ததே, அதையும் சேர்த்தே தவிர்க்கணுமா?" என்று ஒரு நாரை கேட்டது.

"அது நான் போட்டது."

"ரொம்ப நல்லா இருக்கு" என்றது நாரை.

ஏகாம்பரம் தன்னையறியாமல், "அப்படியா?" என்றது. அந்தச் சீழ்க்கையை மட்டும் தனியாக இன்னொரு தடவை போட்டுக் காட்டியது. பிறகு நினைவு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் சொந்தப் பாட்டைப் பாடியது.

மெல்ல ஆரம்பித்து, ஏறி, நின்று, திரும்பி இறங்கியது. மேற்குக் கரை மூச்சுவிடாமல் கேட்டது. முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் படிந்து போயின. ஒரு கிழட்டு நண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாட்டு முடிந்ததும் எல்லாம் பெருமூச்சு விட்டன. யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஏகாம்பரம் நிம்மதியாகத் திரும்பி வந்தது. "முடிஞ்சது. எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிட்டேன்" என்று செங்கமலத்திடம் சொன்னது.

அன்று ராத்திரி அடித்த காற்றில் கடைசி இலுப்பைப் பூவும் உதிர்ந்தது. மறுநாள் காலையில் உடும்பு எழுந்து, உடம்பை வளைத்துச் சோம்பல் முறித்து, கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு மேற்கே நடந்தது. ஏகாம்பரமும் செங்கமலமும் கிளைக்குக் கிளை தாவிப் பின்னாலேயே போயின. மைனாவைப் பற்றிக் கேட்க வேண்டுமா, எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

முள்ளம்பன்றி குனிந்து தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டுகிற தாளத்துக்கு அதன் வாயில் இருந்து வந்தது: "எங்கே போச்சு என் வாலு?"

நீர்க்காகங்கள் இறக்கையை விரித்தபடியே, "பின்னால இருக்கு என் வாலு!" என்றன.

நண்டுகள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, "எங்கே போச்சு..." என்று நிறுத்தின. நண்டுகளுக்கு வாலே கிடையாது.

நாரை கழுத்தை நிமிர்த்திச் சீழ்க்கையைப் போட்டது.

உடும்பு கரை முழுவதும் நடந்தது. காதைத் தீட்டிக் கேட்டது. திரும்பி நடந்து இன்னொரு தடவை கேட்டது. பிறகு, "யாருடைய பாட்டு இது?" என்று விசாரித்தது.

"வேலாண்டி பாட்டு" என்றது முள்ளம்பன்றி. "ரொம்ப மோசமான பாட்டு. பாடவே கூடாதாம். கரிச்சான் தம்பி நேத்து நேர்ல வந்து சொல்லிட்டுப் போச்சு."

"பெரியவரே," என்று ஏகாம்பரம் குறுக்கே பாய்ந்தது. "இது செல்லாது. இது தானாக வந்து சேரலை. நான்தான் கொண்டுவந்தேன்."

"எதுக்குக் கொண்டுவந்தே?"

"வரக் கூடாதுன்னு சொல்ல."

உடும்பு ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அதைப் பார்த்தது. "என் வயசில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன் தம்பி. வீட்டுக்குள்ள பாம்பு வரக் கூடாதுன்னு காட்டுறதுக்காகப் பாம்பைத் தூக்கிட்டு வந்தவனை இப்பத்தான் பார்க்கிறேன்."

"என் பாட்டையும்தான் நேத்து இங்கே பாடினேன். இவங்க எல்லாம் உருகி உருகிக் கேட்டாங்க. கேட்டுப் பாருங்க."

உடும்பு நாரையிடம் திரும்பியது. "உண்மையா?"

"உண்மைதான் பெரியவரே" என்றது நாரை. "அந்த மாதிரி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை. கேட்ட பிறகு மத்தியானம்வரைக்கும் மீனே பிடிக்கலை."

"அப்போ ஏன் அதை யாரும் பாடலை?"

நாரை திகைத்துப் போனது. "அதையா? நாங்களா? எங்க வாயில் வந்தால் அது கெட்டுப்போயிடாதா? அதைப் பத்திப் பேசக்கூட எங்களுக்கு வாய் வரலை. உள்ளே வச்சிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தி, "வால் பாட்டுன்னா கெடுறதுக்கு அதில் ஒண்ணும் இல்லை பாருங்க" என்றது.

  'உள்ளே வச்சிருக்கோம்' என்ற சொல் ஏகாம்பரத்துக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. உள்ளே வைத்திருக்கிற பாட்டை உடும்புக்கு எப்படிக் காட்டுவது?

உடும்பு பிடித்தால் விடாது. தீர்ப்பிலும் அப்படித்தான். "பொந்து வேலாண்டிக்கு" என்று சொல்லிவிட்டது.

கிழக்குக் கரைக்குத் திரும்பியதும், நொச்சிப் புதருக்குள் இருந்து வேலாண்டியை எழுப்பி இலுப்பை மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். அது கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டது: "எனக்கா? பொந்தா? எதுக்கு?"

"உன் பாட்டுக்கு."

"நான் எங்கே பாடினேன்? என்ன பாட்டு?"

எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு எல்லாம் சேர்ந்து ஏகாம்பரத்தைப் பார்த்தன.

"பாடிக் காட்டு தம்பி" என்றது உடும்பு. "உனக்குத்தான் நல்லா வருது."

வேறு வழியில்லாமல் ஏகாம்பரம் பாடியது. வேலாண்டி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டது. அதன் முகம் சுருங்கியது.

"அண்ணே, இதையா நான் பாடினேன்? வெட்கக்கேடா இல்ல இருக்கு. நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பாங்க? நடுவுல அந்தச் சீழ்க்கை மட்டும் பரவாயில்லை."

நல்ல மனசுக்காரன் வேலாண்டி. "இவ்வளவு உயரம் எனக்கு எதுக்கு? அண்ணனுக்கே கொடுத்துடுங்க" என்றுகூடச் சொன்னது. உடும்பு கேட்கவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்றது. சரி, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என வேலாண்டி மரம் ஏறிப் பொந்துக்குள் தலையை விட்டது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த நொடியே தூங்கிப்போனது. வால் மட்டும் வெளியே தொங்கியது. கீழே இருந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. எல்லாம் ஒரே குரலில் பாட ஆரம்பித்தன.

செங்கமலம் அழவில்லை. சண்டையும் போடவில்லை. அதற்கு நேரம் இல்லை. கண்மாய் மடையின் கருங்கல் சுவரில் ஒரு இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்தது. உடும்பின் தலை நுழையாத அளவுக்குக் குறுகலான இடுக்கு. "நாம ரெண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தால் போதும்" என்றது. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு வேரும் நாரும் கொண்டுவந்து போட்டது. செங்கமலம் அதில் முட்டையிட்டு அடைகாத்தது.

ஏகாம்பரம் வாசலில் காவல் இருந்தது. மனசு மட்டும் ஆறவில்லை. "அந்த மூணாவது அடி இருக்கு பார், அதுக்கு அர்த்தமே இல்லை" என்று ஆரம்பிக்கும். பாடிக் காட்டும். "இதுக்குப் போய் ஒரு பொந்தைக் கொடுத்தாங்களே" என்று மறுபடி பாடிக் காட்டும். செங்கமலம் முட்டைகளின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். முட்டைகளும் கேட்டுக்கொண்டிருந்தன.

குஞ்சுகள் பொரிந்தன. கண் திறந்தன. சிறகு முளைத்தது. அவற்றுக்குத் தன் பாட்டைக் கற்றுக்கொடுக்க ஏகாம்பரம் ஒரு நல்ல காலையாகப் பார்த்து உட்கார்ந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சரி, முதலில் உங்க குரல் எப்படி இருக்குன்னு பார்ப்போம். ஏதாவது சத்தம் கொடுங்க" என்றது.

குஞ்சுகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. பிறகு சின்ன வாயைத் திறந்து, ஒரே சுருதியில், மிக அழகாகப் பாடின:

"எங்கே போச்சு என் வாலு?"

அவற்றுக்கு இன்னும் வால்கூடச் சரியாக முளைக்கவில்லை. சீழ்க்கை மட்டும் அப்படியே அப்பாவுடையது.

செங்கமலம் கணவனைப் பார்த்தது. வெகுநாளைக்குப் பிறகு அதற்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் சுவர் இடுக்கில் இருந்து வெளியே பறந்து போய்விட்டது. ஏகாம்பரம் குஞ்சுகளின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தது. பாட்டைத் திட்ட வாயைத் திறந்தது. திட்டுவதற்கு முன்னால் பாடிக் காட்ட வேண்டியிருக்குமே என்று நினைத்து, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டது.

மைனா இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு, எப்போதும் ஒரு வரி சொல்லும்: "கண்மாயில் ஆனாலும் சரி, கைபேசியில் ஆனாலும் சரி, மட்டமான பாட்டுக்கு இறக்கை கட்டிவிடுவது அது பிடித்தவர்கள் அல்ல, 'இதைப் போய்க் கேளேன், எவ்வளவு மட்டம்' என்று அடுத்தவருக்குப் பாடிக் காட்டுகிறவர்கள்தான்."

இதைத் திருப்பிச் சொல்கிறவன் அந்த வரியைப் பல வருடம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். கடைசியில் ஒருநாள், அதில் தப்பே இல்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான், மைனாவிடம் கேட்டுவிட்டான்:

"அதெல்லாம் இருக்கட்டும், அந்த மெட்டு எப்படிப் போகும்?"